முப்பத்திரண்டு சுற்று

எங்கள் தடுப்பணைக் கதவைத் திறக்க முப்பத்திரண்டு சுற்றுப் போதும். காவல் கொட்டிலில் தொங்கும் இரும்புக் கைபிடியை எடுத்துத் தண்டில் மாட்டி வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். என் தோள் பழுதான தோள், ஆனாலும் சுற்றலாம். கிறீஸ் நன்றாகப் பூசி வைத்திருக்கிறேன். கதவைத் திறக்கத்தான் எனக்கு இந்த வேலையைத் தருகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். திறக்காமல் இருக்கத்தான் தந்தார்கள் என்று பிறகு விளங்கியது.

எங்கள் ஊரான சுருவிலுக்கு மேற்கே கடல் ஓர் ஓடையாக நிலத்துக்குள் புகுந்து வரும். அதன் குறுக்கே ஆறு வருடத்துக்கு முன் ஒரு வீதியும், வீதிக்குக் கீழே ஆள் குனிந்து போகக்கூடிய மதகும் கட்டினார்கள். மதகின் கடல் பக்கம் திறந்த வாய். உள்பக்க வாயில் இந்த இரும்புக் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் மழைத்தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. விவசாயிகள் சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை அண்ணை பத்து வருடம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி வாங்கிய அணை. அதனால் நன்மை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் மனைவி சுகந்தி முன்பெல்லாம் குடிதண்ணீருக்கு இரண்டு கட்டை தூரம் நடந்தவள். இப்போது எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரிலேயே தேநீர் தேநீராக இருக்கிறது.

மீன்களைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. கொடுவா ஓரிடத்தில் கிடந்து சீவிக்கிற மீன் இல்லை. குஞ்சாக இருக்கும்போது கடலிலிருந்து ஓடை வழியே ஏறி வரும், நன்னீரில் கொழுக்கும், சினைப்படுகிற காலத்தில் திரும்பவும் கடலுக்கு இறங்கும். கதவு விழுந்த அன்று உள்ளே நின்றது உள்ளே, வெளியே நின்றது வெளியே. அன்று தொடக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பறுவம் வந்து முழு நிலவுக்குக் கடல் பெருகுகிற நேரம் பார்த்து, அவை கதவில் வந்து முட்டும். பத்துக் கிலோ மீன் இரும்பில் மோதினால் என்ன சத்தம் வரும் என்று கேட்டவனுக்குத்தான் தெரியும். யாரோ அவசரத்துக்கு வந்து வீட்டுக் கதவைத் தட்டுவது போல இருக்கும்.

முதல் வருடம் தட்டும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டாம் வருடம் கதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். மூன்றாம் வருடம் ஒரு றேடியோ வாங்கினேன்.

சுகந்தியின் தம்பி றஜீபனுக்கு என்னோடு இதில்தான் கோபம். தாய் செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. அவனைத் தூக்கி வளர்த்தவள் சுகந்தி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, எங்களுக்கிருந்த பிள்ளை அவன்தான். வளர்ந்து முப்பத்து மூன்று வயதானபோதும் தமக்கையின் கையால் ஒரு பிடி சோறு வாங்காமல் கடலுக்குப் போகமாட்டான். கடற்றொழில் குடும்பத்தில் பிறந்த நான் விவசாயிகளின் கதவுக்குக் காவல் இருக்கலாமா என்று கரையில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள். அவன் மட்டும்தான் முகத்துக்கு நேரே கேட்டான். தோள் போய் வலை இழுக்க ஏலாதவன் வேறு எதற்கடா காவல் இருக்கிறது என்று நானும் விடமாட்டேன். இரண்டு பேரும் சத்தம் போட்டு முடிய, சுகந்தி இரண்டு பேருக்கும் தேநீர் வைப்பாள்.

சொன்னால் சிரிப்பு, கடைசியில் அவனுக்கும் பிழைப்புத் தந்தது இந்தக் கதவுதான். குளத்தில் அடைபட்ட கொடுவாக்கள் சிறுபிள்ளை அளவுக்கு வளர்ந்துவிட்டன என்ற கதை கனடா வரைக்கும் போயிற்று. லீவில் ஊருக்கு வருகிறவர்கள் தூண்டிலும் கையுமாக வரத் தொடங்கினார்கள். றஜீபன் அவர்களுக்கு இடம் காட்டினான், வள்ளம் விட்டான். அப்படி வந்தவர்களில் ஒருவன் அனோஜன். வேலணையில் பிறந்து பத்து வயதில் ரொறன்ரோவுக்குப் போனவன். மீனைப் பிடிப்பான், தூக்கிப் படம் எடுப்பான், முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பத் தண்ணீரில் விடுவான். பசியில்லாமல் மீன் பிடிக்கிற மனிதனை நான் அதற்கு முன் கண்டதில்லை. மற்றப்படி நல்ல பிள்ளை, அதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வருடம் கார்த்திகைப் பறுவத்தன்று காலை, கடல் வற்றிக் கிடந்த நேரம், அனோஜன் கடல் பக்கத்தில் நின்று மதகு வாய்க்குள் தூண்டில் எறிந்தான். அவனுடைய பொய்மீன், உள்ளே குண்டுகள் கிலுகிலுக்கும் வெள்ளி நிறப் பிளாஸ்ரிக் மீன், கதவின் அடியில் போய்ச் சிக்கியது. இழுத்தான், நூல் அறுந்தது.

"விடுங்கோ றஜீ, வேற இருக்கு" என்றான் அனோஜன்.

"நீர் விடும். நான் மத்தியானம் எடுத்துத் தாறன்" என்றான் றஜீபன்.

நான் வீதியில் நின்று கத்தினேன். "மதகுக்குள்ள இறங்கினியெண்டால் காலை முறிப்பன்!"

"உங்கட கதவை நீங்களே கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுங்கோ அத்தான்!"

அதுதான் அவன் என்னோடு கடைசியாகக் கதைத்தது. நான் கத்தியபடியால்தான் அவன் இறங்கும்போது எனக்குச் சொல்லவில்லை.

ஒரு மணியிருக்கும். கொட்டிலில் சுகந்தி கட்டித் தந்த சோற்றை அவிழ்த்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். றேடியோவில் பாட்டு. கதவில் தட்டியது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, திரும்ப மூன்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுகந்தியின் தகப்பன் இராயப்பு சங்கு குளித்தவர். எங்கள் கரையில் சங்கு குளிக்கிறவருக்குத் தண்ணீருக்குள் ஏதும் ஆபத்தென்றால் வள்ளத்தின் அடியில் மூன்று தட்டுத் தட்டுவார். மூன்று கேட்டால் மேலே இருக்கிறவன் வாயில் இருக்கிற சோற்றை விழுங்காமல் எழும்ப வேண்டும். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க முதலே எங்கள் ஆட்கள் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எனக்கும் தெரியும். றஜீபனுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அனோஜன் கொட்டிலில் விட்டுப்போன தூண்டில் பையை எடுக்க வந்தான். யாழ்ப்பாணம் போகிற அவசரம். வந்தவன் காதைச் சரித்துக் கேட்டான்.

"என்னண்ணை இது, மூண்டு மூண்டாத் தட்டுது?"

நான் வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "இஞ்சத்த மீன் தம்பி, கணக்குப் படிச்ச மீன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் என் பகிடி பிடித்துப்போயிற்று. அவன் போனபிறகும் தட்டிக்கொண்டே இருந்தது. நான் றேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். நாலு பாட்டுப் போனது. ஐந்தாவது பாட்டுக்குள் தட்டு நின்றுவிட்டது. அப்பாடா என்று கையைக் கழுவிவிட்டுப் படுத்தேன்.

நாலு மணிக்கு, வீதியோரம் சாத்தியிருந்த றஜீபனின் சைக்கிளைக் கண்டவர்கள்தான் என்னை எழுப்பினார்கள். கதவின் அடியில் ஒரு பழைய வலை நசிபட்டுக் கிடந்திருக்கிறது. அது அவனுடைய கணுக்காலைச் சுற்றிவிட்டது. எங்கள் பக்கத்துக் கடலில் பெருக்கு என்றால் இரண்டு அடிதான். மதகுக்குள் குனிந்து நிற்கிறவனுக்கு இரண்டு அடி போதும். கதவை நாலு விரல் தூக்கியிருந்தால் வலை கழன்றிருக்கும், வந்த வழியே வெளியே போயிருப்பான் என்று வலையை அறுத்து அவனை எடுத்தவர்கள் சொன்னார்கள். அவனுடைய கையில் ஒரு கல் இருந்தது.

மரண விசாரணையில் சத்தம் ஏதும் கேட்டதா என்று கேட்டார்கள். றேடியோ போட்டிருந்தேன் என்றேன். அது பொய் இல்லை. அடக்கம் முடிந்து வந்து, கறுப்புச் சீலையோடு குசினி வாசலில் இருந்தபடி சுகந்தியும் கேட்டாள்.

"அவன் தட்டியிருப்பானே. தட்டேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

"அப்ப உடன போயிருப்பான். கனக்க அந்தரப்பட்டிருக்கமாட்டான், என்ன?"

"ஓம். உடன போயிருப்பான்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இந்த ஒரு வருடமும் எழும்பினாள், சமைத்தாள், படுத்தாள். என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஆனால் அது அவளைத் தாங்குகிற பொய்யாகவும் ஆகிவிட்டது. இனி அதை உருவினால் இரண்டு பேரும் விழுவோம்.

அடுத்த கிழமை வற்று நேரம் பார்த்து நானே மதகுக்குள் இறங்கினேன். கதவின் வெளிப்பக்கத்தில், என் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ற் கொட்டுண்டு, கல் பட்ட வெள்ளைக் கீறல்கள். எல்லாம் ஒரே இடத்தில். சங்கத்துக்குப் பராமரிப்பு என்று சொல்லிவிட்டுப் புதுப் பெயின்ற் அடித்தேன். ஒரு மாதத்தில் அந்த இடம் மட்டும் துருவேறி வெளியே வந்தது. திரும்ப அடித்தேன். திரும்பவும் வந்தது. இதுவரை ஐந்து தரம் அடித்துவிட்டேன்.

தட்டும் நிற்கவில்லை. முன்பென்றால் பறுவத்தோடு வரும், பறுவத்தோடு போகும். இப்போது அமாவாசை இல்லை, பறுவம் இல்லை, ஆடியில் குளம் ஓரமெல்லாம் வற்றிச் சேறு தெரிகிற நாளிலும் தட்டியது. மூன்று. பிறகு மூன்று. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. றேடியோவை விற்றுவிட்டேன். கோயிலில் மத்தியானத் திரிகால செப மணி மூன்று மூன்றாகத்தான் அடிக்கும் என்பதை ஐம்பது வருடமாக நான் கவனித்ததே இல்லை. இப்போது பன்னிரண்டு மணி நெருங்க எனக்கு வியர்க்கத் தொடங்கிவிடும். சுகந்தி அந்த மணிக்கு எழும்பி நின்று செபம் சொல்லுவாள். நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

அன்று கதவில் மூன்று மூன்றாகத் தட்டியதென்று என்னைத் தவிர உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் ரொறன்ரோவில் இருந்தான். அதுதான் எனக்கு ஆறுதல்.

ஒரு வருட நினைவுப் பூசைக்கு முதல்நாள் காலை, மோட்டார் சைக்கிளில் வந்து கொட்டில் வாசலில் இறங்கினான் அனோஜன்.

"பூசைக்கெண்டுதான் லீவு போட்டிட்டு வந்தனான் அண்ணை. றஜீயின்ர பூசைக்கு நான் நிக்காட்டி ஆர் நிக்கிறது?"

முதுகில் தூண்டில் பையும் இருந்தது. இந்த வருடம் மீன் கடிக்காது, மழை காணாது, நெடுந்தீவுக்குப் போய்க் காட்டுக்குதிரையைப் பாரும் தம்பி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவன் கதவுக்கு மேலே நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குள்ள நிக்கிறது முழுக்கப் பெட்டையள், தெரியுமோ அண்ணை? கொடுவா சின்னனில ஆண். பெருத்தால்தான் பெட்டையா மாறும். குஞ்சு வாற வழி இல்லை, அப்ப இஞ்ச ஆண் எங்கால? எல்லாம் கிழவியளாப் போச்சுது. சினையோட வந்து முட்டிப்போட்டுத் திரும்பிப் போகுதுகள்."

"ஆணெல்லாம் எங்க?"

"வெளிய" என்று கடல் பக்கம் கையைக் காட்டினான். "அதுகளும் வந்து மற்றப் பக்கத்தால முட்டும். நடுவில உங்கட கதவு. அங்க எங்கட பக்கத்து அணையளில மீன் ஏறி இறங்கப் படி கட்டி விட்டிருக்கினம் அண்ணை."

"மீனுக்குப் படி! இஞ்ச எங்கட இறங்குதுறைக்கே ஒழுங்கான படி இல்லை" என்றேன். சிரித்தான். அதே சிரிப்பு.

அந்தத் தட்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறந்திருப்பானோ? சுகந்திக்கு முன்னால் அதைச் சொல்லிவிடாதே என்று கேட்க வாய் உன்னியது. கேட்டால், சொல்ல ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பூசை முடிய உடனே வெளிக்கிட்டுவிடும், வெயில் ஏறமுதல் யாழ்ப்பாணம் போய்விடலாம் என்று மட்டும் சொன்னேன்.

பூசை முடிந்த கையோடு சுகந்தி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பிக்கு நான் சமைச்சு வைச்சிருக்கிறன். சாப்பிடாமல் போகவிடமாட்டன்." அவன் றஜீபனோடு எடுத்த படங்களைப் போனில் காட்டினான். இரண்டு பேரும் வீதியில் நின்று அழுதார்கள். நான் பக்கத்தில் நின்று வெயிலைக் குறை சொன்னேன்.

வீட்டில் மேசைக்கு அவனை இருத்தி நானே சோறு போட்டேன். சாப்பிடும், சாப்பிடும் என்று அவசரப்படுத்தினேன். அவன் ஏதாவது கதைக்க வாயைத் திறந்தால் நான் ஒரு கதையை எடுத்து விட்டேன். கனடாவில் இப்போது குளிரோ, வீட்டு வாடகை கூடவோ, இங்கே விளைமீன் வரத்து எப்படி. சுகந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஒரு வருடமாகக் கதையாத மனிதன் இன்று ஏன் இப்படி அலம்புகிறான் என்று நினைத்திருப்பாள்.

அப்போது கோயில் மணி அடித்தது. மூன்று. சுகந்தி அகப்பையை வைத்துவிட்டு எழும்பி நின்றாள். திரும்ப மூன்று. நான் கதிரையை இழுத்தேன், கிணற்றடிக்குப் போக. அனோஜன் காதைச் சரித்தான், அன்று சரித்த அதே மாதிரி.

"அண்ணை, இது அண்டைக்குக் கதவில கேட்ட மாதிரியெல்லே இருக்கு!"

செபத்தை முடித்துச் சிலுவை போட்டுவிட்டுத்தான் சுகந்தி கேட்டாள். "எண்டைக்குத் தம்பி?"

"அண்டைக்குத்தான் அக்கா, றஜீ... நான் பையை எடுக்க வந்த நேரம். ஒரு மணியிருக்கும். கதவில மீன் மூண்டு மூண்டாத் தட்டிச்சுது. நான் கேட்க அண்ணை சொன்னவர், கணக்குப் படிச்ச மீன் எண்டு." சொல்லிக்கொண்டே சிரித்தவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. பத்து வயதில் போன பிள்ளை, சங்கு குளிக்கிறவர்களின் மூன்று தட்டை அவன் எங்கே கண்டான்? இருந்தாலும் ஏதோ உடைந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

சுகந்தி அகப்பையை எடுத்து அவனுடைய சோற்றுக் கோப்பையில் குழம்பு விட்டாள்.

"நீர் வடிவாச் சாப்பிடும் தம்பி. நாங்கள் ஒருக்காக் கதவடிக்குப் போட்டு வாறம்."

"நானும் வரட்டோ அக்கா?"

"வேண்டாம் அப்பன். நீர் சாப்பிடும்."

ஒரு வருடத்தில் அவள் கதவடிக்கு வந்ததே இல்லை. இன்று எனக்கு முன்னால் நடந்தாள், செருப்பும் போடாமல். அவள் திரும்பி என்னை ஏசினால் நல்லது என்று நினைத்தேன். கல்லை எடுத்து எறிந்தாலும் நல்லது. அணைக்கட்டில் ஏறியபோது கடல் பெருகிக்கொண்டிருந்தது. வீதிக்கு அங்கால் மதகு வாயில் தண்ணீர் முக்கால்வாசிக்கு ஏறிவிட்டது. இங்கால், மழை குறைந்த வருடமாகையால், குளம் ஒரு முழம் தாழ்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் வயல், முழங்கால் உயரத்துக்குப் பச்சை.

கதவில் தட்டியது. ஒன்று. பிறகு இரண்டு சேர்த்து. பிறகு கன நேரம் ஒன்றுமில்லை. பிறகு உரசுகிற மாதிரி ஒன்று.

சுகந்தி கதவுக்கு மேலே சீமெந்துத் திண்டில் குந்தி, தலையைச் சரித்துக் கேட்டாள். சங்கு குளித்தவரின் மகள் அவள். இந்தக் காதுதான் சின்ன வயதில் தகப்பனின் வள்ளத்தில் காவல் இருந்தது.

"இது மீன்" என்றாள்.

"ஓம்."

"அண்டைக்கு?"

நான் கொட்டில் பக்கம் பார்த்தேன்.

"தட்டிக் காட்டுங்கோ."

"சுகந்தி..."

"எப்பிடித் தட்டினவன் எண்டு தட்டிக் காட்டுங்கோ."

கொட்டிலுக்குள் போய்க் கைபிடியை எடுத்து வந்தேன். கதவின் மேல் விளிம்பில் தட்டினேன். மூன்று. இடைவெளி. மூன்று. இரும்பு முழுக்க அதிர்ந்து மதகுக்குள் போயிற்று.

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது." பிறகு, தெரியும் என்பதால் சொன்னேன். "நாலு பாட்டுப் போச்சுது."

"அவ்வளவுக்கும் தட்டுங்கோ."

தட்டினேன். முதல் பாட்டின் நீளத்துக்குள்ளேயே தோள் பிடித்துக்கொண்டது. இடக்கைக்கு மாற்றினேன். மூன்று, மூன்று, மூன்று. உப்புத் தண்ணீர் நெஞ்சுக்கு வந்து கழுத்துக்கு வருகிற நேரம் அது. கழுத்திலிருந்து வாய்க்கு வருகிற நேரம். அவன் எந்த இடத்தில் செபம் சொல்லியிருப்பான், எந்த இடத்தில் என்னை ஏசியிருப்பான், எந்த இடத்தில் அக்கா என்று கூப்பிட்டிருப்பான் என்று எனக்கு இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சுகந்தி கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. துடைக்கவில்லை. நான் அழுதுகொண்டு தட்டினேன், சத்தம் வைத்து அழுதேன், அவள் நிறுத்தச் சொல்லவில்லை. மீன்கள் எப்போதோ ஒதுங்கிவிட்டன.

"காணும்" என்றாள் கடைசியில்.

கைபிடியை நிலத்தில் வைத்துவிட்டுக் குந்தினேன். காற்று விழுந்துவிட்டது. குளத்தில் ஓர் அசைவு இல்லை. என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கடல் பக்கத்திலிருந்து, தட்டியது. மூன்று. ஓர் இடைவெளி. திரும்ப மூன்று.

ஒரு வருடமாக எனக்கு மட்டும் கேட்ட சத்தம். பைத்தியம் என்று நானே என்னை நினைத்த சத்தம். சுகந்தி கண்ணைத் திறந்தாள். பயப்படவில்லை. குழந்தை எழும்பிவிட்டது என்று அறிந்த தாய் போல இருந்தது முகம்.

"கேட்டதோ?"

வாய் பழக்கத்தில் இல்லை என்று சொல்ல வந்தது.

"கேட்டது" என்றேன்.

"அப்ப எழும்புங்கோ."

"பெருக்கு, சுகந்தி. கடல் குளத்தைவிட உயரத்தில நிக்குது. திறந்தால் உப்பு ஏறும். ஆழ்வாப்பிள்ளை அண்ணையின்ர பயிர் முழுக்கக் கருகிப்போம். எங்கட கிணறும்..."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் இன்னும் சோறு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

நான் எழும்பினேன். கைபிடியைத் தண்டில் மாட்டினேன். சுற்றினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது சுற்றில் கதவு நாலு விரல் எழும்பியது. அடியில் கடல் பொங்கிக்கொண்டு உள்ளே வந்தது. அந்த நாலாவது சுற்றில் கை நின்றுவிட்டது. நாலு விரல். அன்றைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சுகந்தியும் அதைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியும், வலையை அறுத்தவர்கள் சொன்னதை அவளும் கேட்டவள்தானே. "சுத்துங்கோ" என்றாள். சுற்றினேன். அவள் ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் எண்ணினாள்.

முப்பத்திரண்டு. கதவு முழுக்க மேலே வந்துவிட்டது. கடல் மண்ணிறமாக, நுரையோடு, பயிர் நிற்கிற பக்கம் ஓடியது. அதற்கு எதிராக, வருகிற தண்ணீரை வாயால் கிழித்துக்கொண்டு, முதல் கொடுவா மதகுக்குள் புகுந்தது. என் தொடையளவு. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, ஆறு வருடமாகக் காத்திருந்த கிழவிகள் எல்லாம், முதுகு வெளியே தெரியத் தெரிய, இருட்டு மதகுக்குள் போய்க்கொண்டிருந்தன. கொட்டிலுக்குள் என் போன் அடிக்கத் தொடங்கியது. ஆழ்வாப்பிள்ளை அண்ணையாகத்தான் இருக்கும்.

சுகந்தி மீனையும் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கைபிடியைப் பார்த்தாள். நான் தட்டிக் காட்டியதற்கு நாலு பாட்டு நேரம் போயிருந்தது. சுற்றத் தொடங்கியதிலிருந்து ஒரு பாட்டில் பாதிகூடப் போயிருக்காது.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "இவ்வளவுதான்."